பூட்டிய அலுமாரியும் பூச்சி உருண்டை மணமும்

நல்லூர்த் திருவிழா நெருங்க நெருங்க யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறபடும். கனடா, பிரான்ஸ், லண்டன் என்று இருக்கிறவர்கள் வந்து இறங்குவார்கள். வீட்டைக் கூட்டித் துடைத்து, யன்னல்களைத் திறந்துவிட்டு, கடைசியாக அலுமாரியில் கை வைத்தால் குப்பென்று அடிக்கும் அந்த மணம். போன முறை போகும்போது சேலைகளுக்கு நடுவில் கை நிறையப் போட்டுவிட்டுப் போன பூச்சி உருண்டைகளின் மணம். கோயிலுக்குக் கட்டலாம் என்று எடுத்த பட்டுச்சேலையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக முடியாது. பக்கத்தில் நிற்கிற பிள்ளை தும்மத் தொடங்கிவிடும்.

எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீட்டுத் திறப்புகள் என்னிடம்தான். கொக்குவிலில் பெரியம்மாவின் வீடு உட்பட. அதனால் இந்த மணத்தோடு எனக்கு நெடுநாள் பழக்கம். "இது போகவே போகாது" என்று நல்ல துணிகளை எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். சென்ற் அடித்து உடுத்திக்கொண்டு போனவர்களையும் கண்டிருக்கிறேன். எறியவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மணம் போகும். ஆனால் அது என்ன பொருள், எப்படித் துணிக்குள் போய் உட்காருகிறது என்று தெரியாமல் மினக்கெட்டால் பாதி வேலை வீணாகப் போகும்.

வெள்ளை உருண்டை பெரும்பாலும் நப்தலீன். நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது. 80 பாகை செல்சியஸில்தான் உருகும். ஆனால் உருகாமலே, திண்மமாக இருக்கும்போதே, சாதாரண அறை வெப்பத்தில் ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். பூசைத்தட்டில் வைத்த கற்பூரம் கொளுத்தாமலே நாளாக நாளாகச் சிறுத்துப்போகிறதே, அதே மாதிரி. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி நிறைய வேண்டும், நிறைந்தால்தான் பூச்சி சாகும். அதே ஆவிதான் நூலுக்குள்ளும் மரத்துக்குள்ளும் பிளாஸ்டிக்குக்குள்ளும் புகுந்துகொள்கிறது.

ஆகவே நாம் முகர்வது வெறும் மணத்தை இல்லை, அந்த நப்தலீனையேதான். துணி மணக்கிறது என்றால் துணியில் மருந்து இருக்கிறது. சாம்பிராணி காட்டினாலும் சென்ற் அடித்தாலும் அது அப்படியே இருக்கும், நம் மூக்குக்குத்தான் தெரியாது. எனக்கு இதில் பிடிவாதம் உண்டு: மணத்தின்மேல் இன்னொரு மணத்தைப் பூசக் கூடாது. பூசினால் மருந்து போய்விட்டதா, இருக்கிறதா என்று அறிய நமக்கு இருக்கிற ஒரே வழியும் போய்விடும்.

இன்னும் இரண்டு விஷயம். நப்தலீன் தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம், அவ்வளவுதான். அதனால் வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் வெப்பம் கூடினால் வேகமாக ஆவியாகும். 30 பாகையில் இருப்பதை 40 பாகைக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகம். அப்போ நமக்குத் தேவை தண்ணீரைவிடக் காற்றும் வெக்கையும். யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

எப்படிப் போக்குவது என்பதற்கு முதல் குழந்தைகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறந்த நேரம் எனக்கு ஃபோன் வந்தது. "சின்னம்மா, அம்மம்மான்ர பழைய நூல் சேலையிலதான் ஏணை கட்டவேணும் எண்டு அம்மா நிக்கிறா. அலுமாரியில இருந்து எடுத்துத் தாறீங்களோ?"

"தாறன் பிள்ளை. ஆனா இண்டைக்குத் தரமாட்டன். அதில மருந்து மணம் இருக்கு. முழுக்கப் போகட்டும்."

அவளுக்கு அது விளங்கவில்லை. "மணம்தானே சின்னம்மா, ஒருக்கா அலசினாச் சரிதானே" என்றாள். சரியில்லை. பச்சைக் குழந்தையை மென்மையான பழைய வேட்டித் துணியில் கிடத்துவதும், பாட்டியின் சேலையில் ஏணை கட்டுவதும் நம் வீடுகளில் வழிவழியாக வருகிற நல்ல வழக்கம். புதுத் துணியைவிடப் பழைய நூல் துணி எவ்வளவோ இதம். ஆனால் அந்தத் துணி வருகிற இடம் பூச்சி உருண்டை போட்ட அலுமாரி. நாள் முழுக்கக் குழந்தையின் மூக்கும் கன்னமும் அதில்தான் பட்டுக்கொண்டிருக்கும்.

சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக இருக்கும். இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பாதுகாக்கிற நொதியம் அது. குறைபாடு உள்ளவர்களின் உடம்பில் நப்தலீன் போனால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். பிறந்த குழந்தைக்கு அப்படி நடந்தால் மஞ்சள்காமாலை கடுமையாக ஏறும், மூளையைப் பாதிக்கிற அளவுக்கும் போகலாம். பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த துணிகளையும் போர்வைகளையும் பாவித்ததால் குழந்தைகளுக்கு இப்படி ஆனது பல நாடுகளின் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆண் குழந்தைகளில்தான் இந்தக் குறைபாடு அதிகம் வெளிப்படும். மலேரியா நெடுங்காலம் இருந்த நாடுகளில் இது கூடுதலாக உண்டு. இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக வந்த மரபணு அப்படியேதான் இருக்கிறது. யாருக்கு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பலருக்கு ஏதாவது ஒன்று நடந்த பிறகுதான் தெரிய வரும்.

நப்தலீன் எண்ணெயில் நன்றாகக் கரையும். குழந்தைக்கு உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, அப்படியே இந்தத் துணியில் சுற்றினால் தோல் வழியாக உள்ளே போவது இன்னும் சுலபம். எண்ணெய் பூசிக் குளிப்பாட்டாத வீடு நம்மில் எங்கே இருக்கிறது?

வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டிலும் கவனம் வேண்டும். உருண்டை பார்க்க இனிப்பு மாதிரி இருக்கும். ஒன்றை விழுங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், உருண்டை வந்த பைக்கற்றையும் எடுத்துப் போங்கள். நஞ்சு முறியும் என்று பால் பருக்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. இதற்கு அது கூடாது, கொழுப்போடு சேர்ந்தால் இன்னும் விரைவாக உடம்பில் ஊறும். பிள்ளை விளையாடிக்கொண்டு திரிகிறதே என்று இருந்துவிடவும் கூடாது. சிவப்பணு உடைவது ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போவது ஓர் அறிகுறி.

புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2002இல் நப்தலீனை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நப்தலீன் பூச்சி உருண்டைகளையே நிறுத்திவிட்டது. அங்கிருந்து வருகிற பிள்ளைகள் நம் அலுமாரியைத் திறந்ததும் மூக்கைப் பொத்துவது அதனால்தான், அவர்களுக்கு அது பழக்கமில்லாத மணம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் அறையின் யன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டுத்தான் அலுமாரியைத் திறக்க வேண்டும். திறந்ததும் துணியை எடுக்க வேண்டாம், உருண்டைகளைப் பொறுக்குங்கள். பை மாதிரித் தொங்குவது, லாச்சி மூலையில் உருண்டு கிடப்பது, கோட்டுப் பைக்குள் யாரோ போட்டது, எல்லாவற்றையும். ஒன்று தப்பி உள்ளே கிடந்தாலும் மற்ற வேலையெல்லாம் வீண். பெரியம்மாவின் றங்குப்பெட்டியை நான் திறந்தபோது உருண்டைகள் மிளகளவுக்குச் சிறுத்திருந்தன. ஆனால் மூடியின் உள்பக்கத் தகரத்தில், வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, மெல்லிய பளபளப்புச் செதில்கள் படிந்திருந்தன. ஆவியான நப்தலீன் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் திரும்பவும் உறைந்தது அது. விரலால் தொட்டால் உதிர்ந்தது. உருண்டை கரைந்துபோனால் மருந்தும் முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

அந்தப் பெட்டியின் அடியில்தான் பெரியம்மாவின் கூறை. அரக்குச் சிவப்பு, கரை நிறையச் சரிகை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் எல்லாம் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது வீட்டில் எத்தனையோ சாமானை விட்டுவிட்டு இந்தச் சேலையைத்தான் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அப்படியான ஒன்றை மணக்கிறது என்று எப்படி எறிவது? விரித்துப் பார்த்தேன். மடிப்புக்குள் ஓர் உருண்டை நேரே சரிகையின்மேல் கிடந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் ஒரு சதக் காசளவுக்குச் சரிகை மங்கி, கறுப்புத் தட்டியிருந்தது. அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. உருண்டையோ கற்பூரமோ எதுவானாலும் சரிகையிலும் பட்டிலும் நேரே படவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

உருண்டை எந்த வகை என்று தெரிந்துகொள்வதும் உதவும். நப்தலீன் தவிர பராடைகுளோரோபென்சீன் என்று ஒன்று இருக்கிறது, கழிவறையில் போடுகிற வில்லைகளிலும் அது வரும். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு கிளாஸில் இளஞ்சூட்டுத் தண்ணீரை எடுத்து, இனிக் கரையாது என்கிற மட்டும் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். ஆனையிறவு உப்புத் தூள் என்றாலும் சரி. உருண்டையைப் போட்டால், நப்தலீன் மிதக்கும், மற்றது அடியில் போய் இருக்கும். கற்பூரம் நல்ல தண்ணீரிலேயே மிதந்துவிடும். அடியில் போனது என்றால் ஒரு வகையில் நல்லது, அது நப்தலீனைவிட விரைவாகப் பறந்துபோகும். ஆனால் பிளாஸ்டிக் பொத்தானையும் ரெஜிஃபோமையும் இளக வைக்கிற குணம் அதற்கு உண்டு. இந்த மூன்றில் எந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போடவே கூடாது. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் உருகுகிற வெப்பம் இறங்கிவிடும், நம் ஊர் வெக்கையிலேயே எண்ணெய் மாதிரி உருகிச் சேலையில் ஊறும்.

அடுத்தது காற்று. முற்றத்தில் கொடி கட்டுங்கள். துணியை உதறி, மடிப்புகளை முழுக்க விரித்து, ஒன்றில் ஒன்று படாமல் போடுங்கள். நூல் சேலை, வேட்டி, பெட்சீற், துவாய் எல்லாம் வெயிலில் போடலாம். பட்டை வெயிலில் போடக் கூடாது, சாயம் வெளிறும், நூல் இற்றுப்போகும். அதற்கு விறாந்தை நிழலும் காற்றும் போதும். சாயந்தரம் பனி இறங்க முதல் எடுத்துவிட வேண்டும். அடுத்த நாள் மடிப்பை மாற்றி, மறுபக்கம் வெளியே வர, திரும்பப் போட வேண்டும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு மணம் போகவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். நூலின் மேலே இருக்கிறது முதலில் போகும், உள்ளே ஊறினது மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். மெல்லிய நூல் துணிக்குச் சில நாள் போதும். கனத்த பட்டுக்கும் கம்பளிக்கும் கிழமைக்கணக்கில் ஆகும். நின்று செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை, காலையில் போட்டுப் பின்னேரம் எடுக்கிறதுதான்.

காலம் பார்த்துச் செய்தால் பாதி நேரம் மிச்சம். சோளகம் வீசுகிற மாதங்கள் இதற்கென்றே அமைந்தவை. காய்ந்த காற்று, பகல் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். நல்லூர் வருகிற நேரமும் அதுதான். மார்கழி மழைக்குள் அலுமாரியைத் திறக்க வேண்டி வந்தால், துணியை ஓர் அறைக்குள் கொடியில் போட்டு, எதிரெதிர் யன்னலைத் திறந்து மின்விசிறியை விட்டுவிடுங்கள். ஈரக் காற்றில் வெளியே போட்டால் பூஞ்சண மணமும் சேர்ந்துகொள்ளும், பிறகு இரண்டையும் துரத்த வேண்டும். மணம் முழுக்கப் போக முதல் அயன் பண்ண வேண்டாம். அயன் சூட்டில் நப்தலீன் ஒரேயடியாகக் கிளம்பி நேரே உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

மணம் போய்விட்டதா என்று பார்க்கிறதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றாலே மூக்கு பழகிவிடும், ஒன்றும் தெரியாது. நான் செய்கிறது இதுதான்: துணியின் ஒரு முனையைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, போத்தலின் வாயை அந்தத் துணியாலேயே இறுக்கி அடைத்து, வெயில் படுகிற யன்னலோரம் வைத்துவிடுவேன். சேலை பெரிதென்றால் ஒரு சட்டை, ஒரு கைலேஞ்சி, அதோடு கிடந்த சின்னத் துணி ஏதாவது போதும். மத்தியானம் வெளியில் போய் வந்து, அல்லது வெளியிலிருந்து வருகிற யாரையாவது கேட்டு, போத்தலைத் திறந்து முகரச் சொல்வேன். துளி மணம் வந்தாலும் திரும்பக் கொடிக்கு. குழந்தைத் துணி என்றால் இந்தச் சோதனையில் ஒரு சொட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தோய்க்கிறதைப் பற்றி இப்போது. காற்று பட்டுப் பெரும்பகுதி போன பிறகுதான் நூல் துணிகளைத் தோய்க்க வேண்டும். சுடுதண்ணீரும் சவர்க்காரத்தூளும் தேவை, ஏனென்றால் எண்ணெய்த்தன்மையானதைப் பிரித்தெடுக்கச் சவர்க்காரத்தால்தான் முடியும். ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற வன்தண்ணீர். சவர்க்காரக் கட்டி நுரைக்காது, சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் துணியில் ஒட்டும். அந்தப் படிவு கொழுப்புச் சம்பந்தமானது, நப்தலீனுக்கு இருக்க அதைவிட நல்ல இடம் இல்லை. இங்கேதான் வினாகிரி உதவுகிறது. கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கப் வெள்ளை வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவிட்டால் அந்தப் படிவு கழன்றுவிடும். வினாகிரி நப்தலீனை அழிக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை, அதற்கு அந்த வல்லமை கிடையாது. அது ஒளிந்திருக்கிற படிவைத்தான் கழற்றுகிறது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வேலையும் மிச்சம்.

அப்பச்சோடாவும் அப்படித்தான். ஊரெல்லாம் அதைச் சொல்கிறது. வியர்வை மணம், புளித்த மணம் போன்றவற்றுக்கு நல்லது. நப்தலீனிடம் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. பட்டுச்சேலையில் தூவினால் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எடுக்கப் படாத பாடு. விட்டுவிடுங்கள்.

உண்மையில் வேலை செய்கிறது கரி. அதுவும் நம் சிரட்டைக் கரியிலிருந்து செய்கிற உயிர்ப்பித்த கரி. சிரட்டைக் கரியை ஏறத்தாழ 900 பாகையில் நீராவி செலுத்திச் சுட்டால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறபடும். ஒரு கிராமில் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு, கிட்டத்தட்ட நாலு பரப்புக் காணி. நப்தலீன் ஆவி அந்தத் துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். இலங்கை இதை உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறது. சின்ன அளவில் மீன்தொட்டிச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வீட்டுச் சிரட்டைக் கரியைத் துண்டு துண்டாக உடைத்துப் பாவிக்கலாம். துளை குறைவு, அதனால் கூடுதலாகப் போட வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும்.

பெரியம்மாவின் கூறைக்கு நான் செய்தது இது. விறாந்தையில் நாள்தோறும் காற்றாட விட்ட பிறகு, கழுவித் துடைத்த பெட்டிக்குள் ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் கரியைப் போட்டு, கரித்தூள் பறக்காமல் மேலே இரட்டை வெள்ளைத் துணியால் கட்டி வைத்தேன். அதன்மேல் சுளகைக் கவிழ்த்து, அதன்மேல் சேலையைத் தளர்வாக மடித்து வைத்துப் பெட்டியை மூடினேன். இடையிடையே திறந்து மடிப்பை மாற்றி, கரியையும் புதிதாகப் போட்டேன். ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் சேலையில் பட்டின் மணம் மட்டும், பழைய சாம்பிராணி கொஞ்சம். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ட்ரை கிளீனிங்குக்குக் கொடுக்கலாம். அவர்கள் பாவிக்கிற கரைப்பானில் நப்தலீன் கரையும், அதனால் பலன் உண்டு. ஆனால் பழைய கூறையையும் சரிகையையும் கொடுக்க முதல் இரண்டு முறை யோசிப்பேன், கொடுத்தாலும் பூச்சி உருண்டை மணம் என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

ஒன்றை மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம்: சேலை போட்டு வைத்த பிளாஸ்டிக் உறை. நப்தலீன் பிளாஸ்டிக்கில் ஊறிவிடும், பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கக்கும். சுத்தமாக்கிய சேலையை அதே உறைக்குள் போட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிளாஸ்டிக் ஹங்கர், ரெஜிஃபோம் வைத்த பெட்டி, தலையணைக்குள் இருக்கிற ஃபோம், எல்லாம் இந்தக் கூட்டம்தான். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

அலுமாரி துணியைவிடக் கஷ்டம். வெளியே பொலிஷ் மின்னும், உள்ளே பெரும்பாலும் பச்சை மரமாகவே விட்டிருப்பார்கள், அது நன்றாக உறிஞ்சியிருக்கும். லாச்சிகளைக் கழற்றி நல்ல வெயிலில் வையுங்கள். கதவுகளைத் திறந்து மின்விசிறியை உள்ளே பார்க்க விடுங்கள். உட்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கரியை ஒவ்வொரு தட்டிலும் வைத்து மூடுங்கள். பிறகும் மணம் நின்றால், தச்சு வேலை தெரிந்தவரைக் கொண்டு உட்பக்கத்தை மெல்லச் சாண்ட் பேப்பர் போட்டு பிரெஞ் பொலிஷ் அடித்துவிடலாம். மிச்சம் இருக்கிறதை அந்தப் பூச்சு மரத்துக்குள்ளேயே அடைத்துவிடும். றங்குப்பெட்டி அவ்வளவு கஷ்டமில்லை. சுடுதண்ணீரில் கழுவி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த துணியால் மூடியின் உட்புறத்தைத் துடைத்தால் அந்தச் செதில்கள் போய்விடும். திறந்த வெளியில் செய்யுங்கள், கிட்டத்தில் நெருப்பு கூடாது.

புத்தகங்களையும் ஃபோட்டோ அல்பங்களையும் நனைக்கவோ வெயிலில் காயவைக்கவோ முடியாது. பக்கங்களை விசிறி மாதிரி விரித்து நிறுத்திக் காற்றாட விட்டு, பிறகு கரியோடு ஒரு மூடிய பெட்டியில் வைப்பதுதான் வழி.

இனி, உருண்டை இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று கேட்பார்கள். துணி தின்னும் அந்துப்பூச்சியின் புழு தேடுவது விலங்கிலிருந்து வருகிற நாரை: கம்பளி, மயிர், இறகு, பிறகு பட்டு. சுத்தமான நூல் துணியை அது தின்னாது. நம் அலுமாரியில் நூல் சேலையில் ஓட்டை விழுந்திருந்தால், கஞ்சி போட்ட துணியைத் தேடி வருகிற இராமபாணப் பூச்சி, கரப்பொத்தான் அல்லது எலியின் வேலையாகத்தான் இருக்கும். அதற்கு வழி கஞ்சி போடாமல் வைப்பதும், அலுமாரி இடுக்குகளை அடைப்பதும். பட்டிலும் பூச்சி முதலில் பிடிப்பது வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருக்கிற இடத்தை. உடுத்திய சேலையைக் காற்றாடவிடாமல் உள்ளே வைக்காத வீட்டில் பூச்சித் தொல்லை மிகக் குறைவு. லண்டனிலிருந்து கொண்டு வந்து விட்டுப்போன கம்பளிக் கோட்டுகள் இருந்தால், பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 பாகையில் ஓடுகிற டீப் ஃப்ரீசரில் ஒரு கிழமைக்கு மேல் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும்.

நிழலில் காய்ந்த வேப்பிலை, வசம்பு, கராம்பு என்று நம் ஆட்கள் வைத்ததும் வெறும் நம்பிக்கை இல்லை. பூச்சியைக் கொல்லாது, கிட்ட வர விடாமல் தடுக்கும். மணம் குறையக் குறையப் புதிதாக மாற்ற வேண்டும். பூட்டிய வீட்டில் யார் மாற்றுவது என்றால், திறப்பு வைத்திருக்கிறவரிடம் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை அலுமாரியைத் திறந்துவிட்டு மூடட்டும். புகையிலைத் தோட்டம் செய்த வீடுகளில் காய்ந்த புகையிலை வைக்கிற வழக்கமும் இருந்தது. பூச்சிக்கு அது ஆகாதுதான். ஆனால் கறை பிடிக்கும், குழந்தைத் துணிக்குப் பக்கத்திலும் வைக்க முடியாது.

பொறுக்கி எடுத்த உருண்டைகளை என்ன செய்வது? கொளுத்தக் கூடாது, கரும்புகை கிளம்பும். கிணற்றடியிலோ வளவு மூலையிலோ புதைக்கவே கூடாது. நம் மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக் கல். மேலே போடுகிறது எதுவும் கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது, அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் சேர்த்து. சுன்னாகப் பக்கத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டை எல்லாரும் கண்டோம். உலோக மூடி உள்ள கண்ணாடிப் போத்தலில் உருண்டைகளையும் அந்தச் செதில்களையும் போட்டு இறுக்கி மூடி, மேலே என்னவென்று எழுதி ஒட்டி, குப்பை எடுக்க வருகிறவர்களிடம் சொல்லிக் கையில் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தால் மணம் பையைத் தாண்டி வரும். பாவித்த கரியையும் அடுப்புக்குள் போடாமல் இதே மாதிரிக் கொடுத்துவிடலாம்.